பதினெட்டுத் தப்படியில் கடல்

எங்கள் மாவு மில் தெருவுக்குக் கடல் வந்தது வைகாசி மாதம் ஒரு புதன்கிழமை காலை பத்து நாற்பதுக்கு. ஆனால் அதற்கு நான்கு மாதம் முன்பிருந்தே, பெரிய டாக்டர் தைலம்மையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு அவள் புருஷன் வையாபுரியை மட்டும் தனியாக வெளியே கூப்பிட்ட நாளிலிருந்தே, கடல் எங்கள் தெருவில் பேச்சாக இருந்தது. துறையூரிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கடலுக்கு நாலு மணி நேரத்துக்குக் குறையாது. தெருவில் உள்ள பதினான்கு வீட்டில் கடலைக் கண்டவர்கள் பதினோரு பேர். தைலம்மை அந்தப் பதினொன்றில் இல்லை. அவளுக்கு அறுபத்து மூன்று வயது. டாக்டர் வீட்டிலிருந்து ஆட்டோவில் திரும்பி வரும்போது அவர் சொன்னது என்ன என்று அவள் கேட்கவில்லை. "எனக்குக் கடல்ல கால் நனைக்கணும், நாம ஒன்பது பேரும் சேர்ந்து நிக்கணும், நாலு நாள் அங்கேயே தங்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

ஒன்பது பேர் என்பது இவர்கள் இருவர், ஓசூர்க் கம்பெனியில் இருக்கும் மகன் பூவரசன், அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், அவிநாசியில் கட்டிக்கொடுத்த மகள் மங்கையர்க்கரசி, அவள் புருஷன், ஒரு பிள்ளை.

வையாபுரி சர்வே ஆபீஸில் முப்பத்து மூன்று வருஷம் சங்கிலி பிடித்தவர். அளப்பதில் ஒரு விரற்கடை பிசகமாட்டார், பேசுவதில் ஒரு விரற்கடை முன்னே வரமாட்டார். கடையில் மீதிச் சில்லறையைக் கேட்க நாணிக்கொண்டு திரும்பி வந்துவிடுகிற மனுஷர், பெண்டாட்டியை நாற்பத்தோரு வருஷத்தில் பேர் சொல்லி அழைத்ததில்லை. அழைக்க வேண்டியிருந்தால் தொண்டையைச் செருமுவார், அவள் வந்து நிற்பாள். அப்படிப்பட்டவர் அன்று சாயங்காலமே பழைய அளவைப் புத்தகம் ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் பென்சிலால் "கடலோர ஓட்டல்" என்று எழுதி, அதன் கீழே "அறுபது" என்று எழுதினார். தைலம்மை மூச்சு வாங்காமல் நடக்கக்கூடிய தூரம் அது. அவளுடைய தப்படிக்கு அறுபது. அவளுடைய தப்படி என்பது ஒன்றேகால் அடி.

நடந்து போனால்தான் போவேன் என்றாள் அவள். சக்கர நாற்காலி மணலில் புதையும் என்றோம். தூக்கிக்கொண்டு போவதற்கு மகனும் மருமகனும் இருக்கிறார்களே என்றோம். "என்னைத் தூக்கிட்டுப் போக ஒரு நாள் வரும், அன்னைக்கு நாலு பேராத் தூக்குங்க, அதுவரைக்கும் என் கால்ல நான் போறேன்" என்றாள். ஆகவே கட்டிலிலிருந்து தண்ணீர் எத்தனை தப்படி என்பதே கேள்வியாக நின்றது.

வையாபுரி ஓட்டல்களுக்குப் போன் போட்டார். போன் என்பதால் முகம் தெரியாது, அதனால் பேச வந்தது. "பீச்சுக்கு நேர் எதிர்ல சார்" என்பார்கள். "எதிர்லன்னா எத்தனை தப்படிங்க?" என்பார் இவர். "ரெண்டு நிமிஷ நடை சார்." "யார் நடந்தா ரெண்டு நிமிஷம்?" அந்தப் பக்கம் போனை வைத்துவிடுவார்கள். படத்தில் அலை கட்டில் காலை நனைப்பதுபோல் போட்டிருந்த ஓட்டல் ஒன்றுக்கு அவரே பஸ் ஏறிப் போய்ப் பார்த்தார். நடுவில் ஒரு தார் ரோடும் ஒரு கல்யாண மண்டபமும் இருந்தன, இருநூற்றுப் பன்னிரண்டு தப்படி. இப்படி நான்கு ஓட்டலுக்கு நேரில் போனார். ஆறடி உயர மனுஷர், அறைக் கட்டிலில் உட்கார்ந்து எழுந்து, ஒன்றேகால் அடி ஒன்றேகால் அடியாக, நெஞ்சு நோகிற ஒரு பெண்பிள்ளையின் நடையில், வரவேற்பு மேசையைத் தாண்டி, நீச்சல் தொட்டியைத் தாண்டி, மணலில் இறங்கி, அலை காலில் படும்வரை எண்ணிக்கொண்டு நடந்தாராம். சிப்பந்திகள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்களாம்.

மாசியில் அவள் நடை நாற்பத்தெட்டாகக் குறைந்தது. ஒன்பதாவது ஓட்டல் நாற்பத்தொரு தப்படி, ஆனால் ஏழு படி இறங்க வேண்டும், ஒரு படிக்கு ஒரு தப்படி அதிகமாகப் போட்டால் நாற்பத்தெட்டு. "கணக்கு சரியாத்தானேப்பா வருது, புக் பண்ணுங்க" என்றான் பூவரசன் போனில்.

"போறதுக்கு மட்டும் சரியா வருது. போயி நிக்கிறதுக்கு?"

"நீங்க அளந்து முடிக்கிறதுக்குள்ள கடல் வத்திரும்ப்பா."

பங்குனியில் முப்பத்தாறு. ஒரு ஓட்டலில் தூரம் சரி, அமாவாசையன்று அலை சுவர்வரை ஏறிவிடும், நிற்க இடம் இருக்காது. இன்னொன்றில் தூரமும் சரி, நிற்கவும் இடம் உண்டு, ஆனால் ஒரு அறை கீழே, இரண்டு அறை மாடியில், ஒன்பது பேரும் பிரிந்து கிடக்க வேண்டும். சித்திரையில் முப்பது. இருபத்தாறாவது ஓட்டல் இருபத்தைந்து தப்படி, படி கிடையாது, மூன்று அறையும் ஒரே வரிசை. அவர் புத்தகத்தில் அதன் பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டார். வேன் பேசினார்கள். தைலம்மை ஒன்பது துண்டுகளை மடித்துப் பையில் வைத்தாள். புறப்படுகிற அன்று காலை வேன் வாசலில் நிற்க, அவள் கட்டிலிலிருந்து எழுந்து வாசல் கடந்து வேனுக்கு வரும்போது இருபத்து நான்காவது தப்படியில் நின்று, மதில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வையாபுரி அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று குறைந்தது. ஒரு ஆள் கை கொடுத்தால் அந்த ஒன்றைக் கடந்துவிடலாம் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை, வேன்காரர் மட்டும் "ஏறலாமா?" என்று கேட்டார். வேன் காலியாகத் திரும்பியது. அவள் துண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள்.

அதற்குப் பத்தொன்பதாம் நாள்தான் கடல் வந்தது. மாவு மில்லில் கம்பு அரைத்துக்கொண்டிருந்தார்கள். தெருவின் கோடியில், வையாபுரி வீட்டுக்கு அப்பால், சோளக்கொல்லை, அதற்கப்பால் ஒற்றைப் புளியமரம், அதற்கப்பால் வறண்ட ஏரி. அந்த ஏரிக்கரையின் மேலாக அது மெல்ல எட்டிப் பார்த்து, பஸ்ஸிலிருந்து இறங்கி விலாசம் கேட்டுக்கொண்டு வருகிற ஒரு மனுஷரைப்போலத் தயங்கித் தயங்கி, புளியமரத்தைச் சுற்றிக்கொண்டு, கொல்லையில் பரவி, வையாபுரி வீட்டு வேலிக்கு முன்னால் நின்றுகொண்டது. மில் நிற்கவில்லை. நிறுத்தினால் கம்பு மாவு கட்டிக்கொள்ளும் என்று முதலாளி அரைத்து முடித்துவிட்டுத்தான் வெளியே வந்து பார்த்தார். வையாபுரி முன்னறை ஜன்னலோரம் இருந்த கட்டிலிலிருந்து எண்ணிக்கொண்டே நடந்து போய் அலை காலில் பட்டதும் நின்றார். பதினெட்டுத் தப்படி. அன்றைக்குத் தைலம்மையின் நடை இருபத்திரண்டு.

"இன்னைக்கே போயிரலாம்" என்றார் அவர். அவர் அவளிடம் நேராகச் சொன்ன நீளமான வாக்கியங்களில் அது ஒன்று.

"பிள்ளைங்க வரட்டும்" என்றாள் அவள். ஜன்னலில் இருந்து முகத்தை எடுக்காமலே சொன்னாள். "நான் மட்டும் போயி நனைச்சுட்டு வந்தா அது ஊர் சுத்திப் பாத்த கணக்கா ஆயிரும். குடும்பத்தோட போறதுன்னுதானே பேச்சு. இத்தனை வருஷம் இருந்தவளுக்கு ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்க முடியாதா?"

எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

முதல் நாள் வேடிக்கை, இரண்டாம் நாள் வேலை என்று கடல் தெருவுக்குப் பழகிப்போனது. கிணறுகளில் உப்பு ஏறியது, வெயிலில் போட்ட அப்பளம் நமுத்தது, துவைத்த துணி காய இரண்டு நாள் ஆனது, மில் பெல்ட்டின் கொக்கிகள் துருவேறின. தெரு நாய்கள் நான்கும் மூன்று நாள் குரைத்துவிட்டு நிறுத்திக்கொண்டன. நகராட்சியிலிருந்து வந்து "ஆழமான பகுதி" என்று பலகை நட்டார்கள், அது ஏரிக்குச் செய்து வைத்திருந்த பழைய பலகை. வருவாய் ஆய்வாளர் வந்து பார்த்து, தாலுகாப் பதிவேட்டில் கடல் என்று ஒரு வகை இல்லையென்பதால் "நீர்நிலை, தற்காலிகம்" என்று எழுதிக்கொண்டு போனார். முன்பே கடலைப் பார்த்திருந்த பதினோரு பேர் இரண்டு நாள் பெரிய மனுஷராக உலாவினார்கள். "இது அந்தக் கடல் இல்ல, இது கொஞ்சம் ஒல்லி" என்றார் அவர்களில் ஒருவர். அம்மனைத் தூக்கிவந்து முக்கி எடுத்தார்கள். அது ஏன் வந்தது என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை, வந்துவிட்டதை என்ன கேட்பது.

அப்புறம் சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள்.

மே மாதம், பிள்ளைகளுக்கு லீவு, எல்லாரும் எங்காவது போக இடம் தேடிக்கொண்டிருந்த சமயம். நாமக்கல்லிலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் கரூரிலிருந்தும் எங்கள் பதினான்கு வீட்டுக்கும் போன் வந்தது. ஒவ்வொருவரும் இரண்டு மூன்று வீட்டுக்குப் போட்டு விசாரித்துவிட்டுத்தான் எந்த வீடு என்று முடிவு செய்தார்கள். வீட்டிலிருந்து கடல் தெரியுமா, மாடி உண்டா, கக்கூஸ் நாற்காலி மாதிரியா குந்துகிற மாதிரியா, காலையில் என்ன பலகாரம் என்றெல்லாம் கேட்டார்கள். எதிர் வீட்டுக்காரர்களாகிய எங்களுக்குக்கூட, மூன்று தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி ஒருவர் போன் செய்து, ஜன்னலைத் திறந்தால் தெரியுமா, எட்டிப் பார்க்க வேண்டுமா என்று கேட்டார். எட்டித்தான் பார்க்க வேண்டும் என்றோம். எங்கள் வீட்டுக்குப் பதினேழு பேரோடு நின்றது.

வையாபுரிக்குப் பொய் வராது. "ஜன்னலைத் தொறந்தா நேர்லயே தெரியும், பதினெட்டுத் தப்படி, படி கிடையாது" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். நான்கு மாதமாக அவர் ஊர் ஊராகத் தேடிய அத்தனையும் அவர் வீட்டிலேயே இருந்தது, அதை அவரே தன் வாயால் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் பத்தொன்பது பேர் வந்தார்கள், சனிக்கிழமைக்கு முப்பத்தொன்று.

எங்கள் பக்கத்தில் வந்தவர்களுக்கு முன்னறை. அது சட்டம் இல்லை, அதைவிடப் பெரியது. வீட்டுக்காரர் அடுப்படியில் படுக்கலாம், வந்தவர் அடுப்படியில் படுக்கக் கூடாது. நாமக்கல் சடையப்பன், வையாபுரிக்கு ஒன்றுவிட்ட அத்தை மகன், தன் மாமியாரோடு பன்னிரண்டு பேராக வந்து இறங்கி, முன்னறை வாசலில் நின்று, "அடடா, மச்சான் ஏ ஒன் ரூமைத் தனக்கு வெச்சுக்கிட்டாரு பாரு!" என்று சிரித்தார். சிரிக்கத்தான் சொன்னார். தைலம்மை எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"கட்டிலைக் கூடத்துக்குப் போடுங்க" என்றாள். "வயசானவங்களை நடையில படுக்க வெச்சுட்டு நான் ஜன்னலோரம் கெடந்தா நல்லா இருக்குமா?"

"வேணாந் தங்கச்சி, நீ உடம்பு முடியாதவ."

"ரெண்டு நாளைக்குத்தானேண்ணே. நான் எங்க போயிரப் போறேன்."

கூடத்திலிருந்து கடல் இருபத்தேழு தப்படி. ஜன்னல் இல்லை. சத்தம் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூவரசன் குடும்பம் வந்து சேர்ந்தது. மங்கையர்க்கரசி வரவில்லை. கடல் பார்க்கப் போகிற கூட்டத்தில் துறையூர் பஸ் ஒன்றிலும் காலை வைக்க இடமில்லை என்று திருச்சி பஸ் ஸ்டாண்டில் ஆறு மணி நேரம் நின்றுவிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு, திரும்பிப் போயிருந்தாள். ஆறு பேர்தான் இருந்தார்கள். மருமகள் பொறுக்கமாட்டாமல் ஒரு பேசினில் அலையை மொண்டுகொண்டு வந்து மாமியாரின் காலடியில் வைத்தாள். தைலம்மை அதில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "பேசின்ல இருந்தா இது உப்புத் தண்ணிம்மா. கொண்டுபோயி அங்கேயே ஊத்திரு" என்றாள்.

திங்கட்கிழமை நாற்பத்து மூன்று பேர். அன்று தைலம்மை குளியலறையில் இருந்தபோது யாரோ நாலு பேர், கூடத்தில் பந்தி போட இடம் வேண்டுமென்று, கட்டிலைத் தூக்கி அடுப்படிக்குப் பக்கத்தில் பின்னறையில் போட்டுவிட்டார்கள். யார் என்று யாருக்கும் தெரியவில்லை, எல்லாரும் ஒத்தாசையாகத்தான் செய்தார்கள். அவள் வெளியே வந்து கட்டில் இருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே மூன்று பேர் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தலையைத் தூக்காமலே "அத்தை, குடிக்கத் தண்ணி எங்க இருக்கு?" என்று கேட்டார். அவள் சொன்னாள். பின்னறையிலிருந்து கடல் நாற்பத்தொரு தப்படி. சத்தமும் கேட்காது, குக்கர் விசில்தான் கேட்கும்.

செவ்வாய்க்கிழமை மங்கையர்க்கரசியும் வந்துவிட்டாள். ஒன்பது பேரும் ஒரு கூரையின் கீழ் இருந்தார்கள். அன்று தைலம்மையின் நடை பதினேழு. கட்டில் முன்னறைக்குப் போனால் இன்னும் ஒன்றுதான் குறையும். ஓட்டல் வேன் வந்த அன்று குறைந்ததும் ஒன்றுதான் என்று வையாபுரி நினைத்திருப்பார். இந்தத் தடவை அவளைக் கையைப் பிடித்து அந்த ஒன்றைக் கடத்திவிடுவது என்று பிள்ளைகளும் பேசிக்கொண்டார்கள், அவளும் சரி என்றாள். ஆனால் கட்டில் முன்னறைக்குப் போக வேண்டுமென்றால் கூடத்தில் இருபது பேரும் முன்னறையில் பன்னிரண்டு பேரும் எழுந்து வழி விட வேண்டும், முன்னறையை விட்டுக் கொடுக்கச் சொல்ல வேண்டும், அதை வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். வையாபுரி செவ்வாய் முழுக்கவும் புதன் முழுக்கவும் முன்னறை வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"மச்சானுக்கு உப்புக் காத்து ஒத்துக்கல" என்றார் சடையப்பன். "கொஞ்சம் சுக்குத் தண்ணி வெச்சுக் குடுங்க. ஆமா, நாளைக்கும் இட்லியா? போன வருஷம் நாங்க போன ரிசார்ட்டுல காலைக்கு எட்டு அயிட்டம்."

எங்கள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் அவர் நிற்பது தெரியும். போய் ஒரு வார்த்தை நாங்கள் சொல்லியிருக்கலாம். எங்கள் முன்னறையிலும் ஆட்கள் இருந்தார்கள்.

வியாழக்கிழமை மதியம் ஒன்று பத்துக்கு, முதல் பந்தியில் இருபத்திரண்டு இலை போட்டு, சோறு வைத்து, சாம்பார் ஊற்றியிருந்தார்கள். வையாபுரி பின்னறையிலிருந்து வந்தார். தைலம்மை காலையில் எழுந்து பன்னிரண்டில் நின்றுவிட்டிருந்தாள், அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். இரண்டு வரிசைக்கும் நடுவில் போய் நின்றார். செருமவில்லை.

"எல்லாரும் எந்திரிங்க" என்றார்.

கைகள் இலையிலேயே நின்றன. "என்ன மச்சான், இன்னும் மோரே வரலையே!" என்றார் சடையப்பன், சிரித்துக்கொண்டு.

"வந்தவங்க எல்லாரும் போயிருங்க" என்றார் வையாபுரி. யாரும் அசையாததால் இன்னொரு முறை சொன்னார். அப்போதும் அசையாததால் மூன்றாம் முறை, "வந்தவங்க எல்லாரும்!" என்று கத்தினார். அந்தக் குரல் எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை, அவரே கேட்டதில்லை, ஆறாவது வீடுவரை அது போனது.

இலையில் உட்கார்ந்தவரை எழுப்புவதைவிடப் பெரிய அவமானம் எங்கள் பக்கத்தில் இல்லை. கொலைப்பகை உள்ளவரைக்கூட மோர் ஊற்றி முடித்துத்தான் வெளியே அனுப்புவார்கள். அவர்கள் இலையை மூடவில்லை, கை கழுவவில்லை. சடையப்பன் ஒரு கையில் சோற்றோடு, மற்றக் கையால் மாமியாரைப் பிடித்துக்கொண்டு, "இந்த வாசப்படியை இனி என் பிணங்கூட மிதிக்காது" என்று சொல்லி இறங்கினார். நாற்பத்து மூன்று பேரும் போய் முடிய முப்பத்தைந்து நிமிஷம் ஆனது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பூவரசனும் மருமகனும் கட்டிலை முன்னறை ஜன்னலோரம் கொண்டுவந்து போட்டார்கள். தைலம்மை மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, இலைகளுக்கு நடுவே, இரண்டு இடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து, இருபத்து மூன்று தப்படி நடந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். மூச்சு அடங்கியதும் ஜன்னலைப் பார்த்தாள்.

நாங்கள் முன்பே பார்த்துவிட்டிருந்தோம். மூன்றாம் முறை அவர் கத்தியபோது, கரைக்கு வந்துகொண்டிருந்த ஒரு அலை, வாய்க்குப் போகிற கவளம் பாதியில் நிற்பதைப்போலப் பாதியில் நின்றது. அப்புறம் திரும்பியது. பின்னால் வந்த அலைகள் வரவேயில்லை. சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிற பெண்பிள்ளையைப்போல் அது தன் நுரையையெல்லாம் ஒதுக்கிக்கொண்டு, கொல்லையை விட்டு, புளியமரத்தை விட்டு, ஒரு சத்தமும் இல்லாமல் போனது. கொல்லை முழுக்க ஈரமும், சாய்ந்த சோளத்தட்டையும், சிப்பியும், நகராட்சிப் பலகையும் கிடந்தன.

"அதையும் சேர்த்தா சொன்னீங்க?" என்று கேட்டாள் தைலம்மை.

"அதை நான் நினைக்கல" என்றார் வையாபுரி.

"வந்தவங்க எல்லாரும்னு சொன்னீங்களே. அதுவும் வந்ததுதானே."

அளவில் ஒரு விரற்கடை பிசகாதவர், ஒரே ஒரு சொல்லை அளக்காமல் போட்டுவிட்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பூவரசன்தான், "சடையப்பன் மாமாவையாச்சும் தட்டோட போயி மறிச்சுப் பாக்கலாம்ப்பா, பஸ் இன்னும் எடுத்திருக்க மாட்டான்" என்றான். இலையிலிருந்து எழுந்து போனவரை ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் வெற்றிலைத் தட்டோடு போய் மறிக்க வேண்டும், "தப்பு என்னுது, திரும்பி வாங்க" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும், சொன்னால் வந்தவர் வெற்றிலையை எடுத்துக்கொண்டு திரும்பித்தான் ஆக வேண்டும். இதுவும் எங்கள் பக்கத்து வழக்கம்.

வையாபுரி உள்ளே போய்த் தட்டை எடுத்தார். பத்து வெற்றிலை, ஐந்து கொட்டைப்பாக்கு, இரண்டு வாழைப்பழம், சுண்ணாம்பு டப்பா. மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். வாசலில் இறங்கி, பஸ் ஸ்டாண்டு இருக்கிற கிழக்கே திரும்பாமல், கொல்லையில் இறங்கினார். சேற்றில் கால் புதையப் புதைய, தட்டு ஆடாமல், கடல் போன வழியே போனார். தன் சொந்த நடையில் போனார், இரண்டரை அடி இரண்டரை அடியாக. புளியமரம்வரை தெரிந்தார், ஏரிக்கரைமேல் ஏறும்போது தெரிந்தார், இறங்கியதும் தெரியவில்லை.

தைலம்மை ஜன்னலை விட்டு நகரவில்லை. கடல் திரும்பி வந்தால் பதினெட்டு, அவளுக்குப் பன்னிரண்டு, நடுவில் ஆறு. ஒன்பது பேர் கை பிடித்தால் ஆறு பெரிதில்லை என்று மங்கையர்க்கரசி சொன்னாள். அவள் தலையை ஆட்டினாள். நாங்கள் ஏழு பேர் தெருவிலிருந்து போய் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டோம், உள்ளே போகக் கூச்சமாக இருந்தது.

ஐந்து ஐம்பதுக்கு அவர் கரைமேல் தெரிந்தார். தனியாக வந்தார். தட்டு நேராகத்தான் இருந்தது. வெற்றிலை பத்தும் அப்படியே இருந்தன, வெயிலில் கொஞ்சம் துவண்டிருந்தன. வந்து கட்டிலுக்கு எதிரே நின்றார். முழங்கால்வரை சேறு.

"பாத்தீங்களா?" என்றாள் அவள்.

"பாத்தேன். ஏரிக்குள்ளாற, மலை அடிவாரத்துப் பள்ளத்துல நின்னுச்சு. ரெண்டாயிரத்து முன்னூத்து நாப்பது தப்படி."

"நின்னுச்சா?"

"நின்னுச்சு. நான் வர்றதைப் பாத்துட்டுத்தான் நின்னுச்சு."

"என்ன சொன்னீங்க?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கூப்பிட்டீங்களா?"

தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான் வந்தது.

"எவ்வளவு நேரம் நின்னுச்சு?"

"நாப்பது நிமிஷம்" என்றார் வையாபுரி. "அப்புறம் போயிருச்சு."

ஜன்னலுக்கு வெளியே இருந்த நாங்கள் ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அந்த நாற்பது நிமிஷம் எப்படி இருந்திருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். மலை அடிவாரத்தில் ஒரு கிழவர் தட்டை நீட்டிக்கொண்டு நிற்க, அவருக்கு எதிரே ஒரு கடல் முழுவதும், ஒரு சொல்லுக்காக, அலை அடிக்காமல் நின்றிருக்கும்.

வெளியே கொல்லையில் வெளிச்சம் குறைந்தது. உள்ளே மருமகள், எழுந்து போனவர்களின் இலைகளை ஒவ்வொன்றாக எடுக்கும் சத்தம் கேட்டது. பூவரசன் தட்டை வாங்கிக்கொள்ள வந்தான், அவர் கொடுக்கவில்லை.

"கடல்கிட்ட சொல்ல வேண்டியதை எங்கிட்டச் சொல்லுங்களேன்" என்றாள் தைலம்மை. குரலில் கோபம் இருந்ததா என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. "என்னையும்தான் ரெண்டு தரம் எழுப்பினாங்க."

அவர் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. ஏதோ ஒரு பேரின் முதல் எழுத்துபோல இருந்தது அது, ஆனால் சத்தம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.

அவள் காத்திருந்தாள். நாற்பது நிமிஷம் இல்லை, எங்கள் கணக்கில் நாலு நிமிஷம் இருக்கும். அப்புறம் கையை நீட்டி இரண்டு வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, புடவையில் துடைத்து, சுண்ணாம்பு தடவி, ஒரு பாக்கை வைத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்றுகொண்டே நகர்ந்து, கட்டிலில் அவருக்கு உட்கார இடம் விட்டாள். அவர் சேற்றுக் காலோடு உட்கார்ந்தார், தட்டை மடியில் வைத்துக்கொண்டார். இருவரும் ஜன்னலுக்கு வெளியே, ஈரம் கிடந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் ஒன்பது நாள் இருந்தாள்.